கிணத்துக்கடவுக்கு வந்த கடல்

உதய்க்கு நாலு மணிக்குப் பேச்சு. கோயமுத்தூரில் ஒரு வாசகர் வட்டம், அறுபது நாற்காலி, ஒரு மைக். 'குமரிக்கண்டத்தின் வடகரை கிணத்துக்கடவா?' என்று தலைப்புப் போட்டு, அவன் போட்டோவோடு அடித்த நோட்டீஸ் நாலு நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கடலில் முழுகிய பழந்தமிழ் நாட்டைப் பற்றி அவன் வாயைத் திறந்தாலே சொந்தக்காரர்கள் செருப்பைத் தேடுவார்கள், வீட்டுக்குக் கிளம்ப. அதைக் கேட்கவென்றே ஆள் கூடுவது இதுதான் முதல் தடவை. இன்றைக்கு மானம் போனால் பிறகு ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள்.

சாட்சி இல்லாமல் அவன் கிளம்பவில்லை. அப்பாவின் தென்னந்தோப்பில் ஒரு அடி தோண்டினால் கிளிஞ்சல் வருகிறது. கடல் கிளிஞ்சல்! கடல் எங்கே, கிணத்துக்கடவு எங்கே? ஊறுகாய் பாட்டில் நிறையச் சேர்த்துவிட்டான்.

காலையில் கடைசியாக ஒரு கைப்பிடி எடுக்கப் போனபோது, மாமன் மகள் நேஹா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். அத்தை மகன் அவளுக்குப் பாவா. கேலி செய்யும்போது மட்டும் அந்தக் கடைசி எழுத்து இன்னும் கொஞ்சம் நீளும்.

"பாவா, கடலு வத்திருச்சா, இன்னும் இருக்குதா?"

"வந்தா ஒரு கை புடி. இல்லீன்னா கம்முனு இரு."

அவள் பிடித்தாள். அதுதான் வினை. ஒரு மரத்தடிப் பாத்தியில் கிளறினாள், கிளிஞ்சல். அடுத்த மரத்தடியிலும் கிளிஞ்சல். இரண்டுக்கும் நடுவில் கிளறினாள், வெறும் மண். இன்னும் நாலு இடம் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க பாவா, உங்க கடலு தென்னமரத்தைச் சுத்தி மட்டும் வட்டமா வந்துட்டுப் போச்சுங்களா?"

"வேரு... வேரு புடிச்சு வெச்சிருக்கும்" என்றான் உதய். அவனாலேயே அதை நம்ப முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து கேட்டில் லாரி ஹாரன். நாற்றம் முதலில் வந்தது, மாசாணம் பின்னால் வந்தார். முட்டைக்கோழிப் பண்ணைகளில் எருவை வாங்கித் தோப்புகளுக்கு விற்பவர், சொந்தமாக மூன்று லாரி. பாட்டிலைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இதை எதுக்குங்க தம்பி பொறுக்கி வெச்சிருக்கறீங்க? வேணும்னா ஒரு மூட்டையே தாரேன்."

"உங்ககிட்ட எப்படிங்ணா?"

"முட்டை ஓடு கெட்டியாகோணும்னு தீவனத்துல கலக்கறதுங்க. தூத்துக்குடிப் பக்கமிருந்து வருது. கோழி தின்னது போக மிச்சம் எருவோட வந்துரும். உங்க தோப்புக்கு ஏழு வருசமா நாந்தானுங்க மரத்துக்கு மரம் கொட்டறேன்!"

நேஹா ஸ்கூட்டி சீட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். உதய் தென்னை மட்டை மேல் உட்கார்ந்துவிட்டான்.

"காய்ச்சல்னு சொல்லிப்போடறேன்."

"சொல்லுங்க. அப்புறம் ஆயுசுக்கும் காய்ச்சல்லயே இருக்கோணும்." சிரிப்பு அடங்கிய பிறகு அவள் சொன்னாள்: "நீங்க ஏமாந்ததையே போய்ச் சொல்லுங்க பாவா. உங்க கதையில நான் கடைசி வரைக்கும் கேட்டது இது ஒண்ணுதான்."

நாலு மணிக்கு மைக்கைப் பிடித்தான். கடைசி வரிசையில் மாசாணம், வெள்ளைச் சட்டையில்.

"கிணத்துக்கடவுக்குக் கடல் வந்தது நெசந்தானுங்க. மாசாணண்ணன் லாரியில வந்துச்சு."

கதையை அவன் சொல்லி முடித்ததும் கூடம் சிரித்து ஓய ஒரு நிமிஷம் ஆனது. அதற்குப் பிறகு அவனுக்கு வேகம் பிடித்துவிட்டது.

"மடகாஸ்கர்ல லெமூர்னு ஒரு பிராணி இருக்குதுங்க, பார்க்கக் குரங்காட்டம். அந்தச் சாதி இந்தியாவுலயும் இருந்திருக்குதேன்னு நூத்தம்பது வருசத்துக்கு முன்னால வெள்ளைக்காரர் ஒருத்தர் குழம்பினாரு. நடுவுல ஒரு கண்டம் இருந்து முழுகியிருக்கும்னு சொல்லிப்போட்டாரு. லெமூரியான்னு பேரும் வெச்சாங்க. அப்புறம் பார்த்தா நிலமே நகருதுங்க, அந்தக் கண்டம் தேவைப்படவே இல்லை. ஆனா அதுக்குள்ள நம்ம ஆளுங்க நம்ம பழைய கடல்கோள் கதையை அதுமேல ஏத்தி உட்டுட்டாங்க. நானும் அதேதான் பண்ணேன். கிளிஞ்சலைப் பார்த்ததும் கடலைக் கூட்டியாந்துட்டேன். லாரியைப் பார்க்கலீங்க."

மாசாணம் எழுந்தார். "அப்ப ஒண்ணுமே முழுகலீங்களா தம்பி?" குரலில் அத்தனை ஏமாற்றம்.

"முழுகியிருக்குங்ணா. கரையோரத்து ஊருக, துறைமுகம், வயலு, எத்தனையோ போயிருக்கும். தப்பிச்சவங்க புள்ளைகளுக்குச் சொல்ல, அதுக அதுகளோட புள்ளைகளுக்குச் சொல்ல, ஊரு நாடாச்சு, நாடு கண்டமாச்சு. அப்படித்தான் இருக்கும்னு இப்பத் தோணுது."

கை தட்டினார்கள். அடுத்த மாதமும் வரச் சொன்னார்கள். வெளியே நேஹா பேக்கரிப் பொட்டலத்தைப் பிரித்து முட்டை பப்ஸை நீட்டினாள். "சாப்பிடுங்க பாவா. குமரிக்கண்டத்துச் சரக்கு."

மறுநாள் காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில், வெள்ளகோவில் பெரியம்மா பங்காரம்மா ஒரு செய்தி போட்டிருந்தார். 'குமரிக்கண்டத்தின் வடகரை கிணத்துக்கடவு! ஆய்வாளர் கண்டுபிடிப்பு! தமிழனாக இருந்தால் பகிரவும்.' கீழே அவன் போட்டோ. நோட்டீஸில் இருந்த 'வா'வை 'வு' ஆக்கி, கேள்விக்குறியையும் யாரோ தூக்கிவிட்டிருந்தார்கள்.

உதய் அலறியடித்துப் போன் போட்டான். "பெரியம்மா, அது பொய்யுங்க! கோழி எருவுங்க!"

"நீ கம்முனு இரு கண்ணு. எப்பப் பார்த்தாலும் எதாச்சும் உளறிக்கிட்டு. இதுல ஆய்வாளரே சொல்லியிருக்காரு பாரு."

"அந்த ஆய்வாளரு நாந்தானுங்க!"

பெரியம்மா போனைத் தள்ளிப் பிடித்துப் போட்டோவைப் பார்த்திருக்க வேண்டும்.

"சாடை உன்ற மாதிரித்தான் இருக்குது" என்றார். "ஆனா இவரு மொகத்துல ஒரு தெளிவு தெரியுது கண்ணு."