டெல்மரோட விசில்

லாயிட் டாக்கெட் செத்த மறுநாள் காலையில அவரு பொண்டாட்டி ஒலீட்டா சக்கர வீடுங்க வரிசையா நிக்கிற எங்க டிரெய்லர் பார்க்குக்கு வந்தாங்க. என் பக்கத்து டிரெய்லர்ல இருக்குற வெர்லின் கதவத் தட்டினாங்க. நாப்பத்தோரு வருஷமா லாயிட் வீட்லேர்ந்து யாரும் தட்டாத கதவு அது.

"வெள்ளிக்கிழம சர்ச்ல நீ வாசிக்கணும், வெர்லின்."

"அவன் கேட்டானா?"

"அவரு ஒண்ணும் சொல்லாமத்தான் போனாரு. நான் கேக்குறேன்."

"எந்தப் பாட்டு?"

"தெரியாத மாதிரி கேக்காத," அப்படின்னுட்டு காருக்குப் போயிட்டாங்க.

'டாஃப்ட் ரோடு'தான். இந்த ஆயில்டேல்ல அந்தப் பாட்டு இல்லாம தண்ணி பாரு திறக்காது, கல்யாணம் முடியாது. லாயிட்டோட தம்பி டெல்மர் எண்ணெய்க் கிணத்துல வேல பாத்தவன். ஷிப்ட் முடிஞ்சு வரும்போது வாசல் கேட்டுலயே நாலு சுரம் விசிலடிப்பான். அதக் கேட்டதும் அவங்கம்மா பிஸ்கட் ரொட்டிய அடுப்புல வைக்கும், ஒலீட்டா கதவத் தொறக்க எந்திரிப்பாங்க. ஒரு நா கிணத்து மேல நிக்கிற இரும்புக் கோபுரம் சாஞ்சு அவன் போயிட்டான். லாயிட் பாட்டு கட்டினாரு. அந்த விசில அப்படியே ஸ்டீல் கிட்டார்ல முதல்ல வச்சாரு. வாசிச்சது வெர்லின்.

ஸ்டீல் கிட்டார்னா மேச மாதிரி கால் வச்சு நிக்கும். மேல கம்பி, கீழ பெடல். முதல் ரெண்டு பெடல சில பேரு ஒரு வரிசையில மாட்டுவாங்க, சில பேரு தலகீழா. ரெக்கார்டிங் அன்னிக்கு வெர்லின் கிட்டாரு ரிப்பேருக்குப் போயிருந்துச்சு. இரவல் கிட்டாரு. அதுல பெடல் தலகீழா இருந்தத கீழ குனிஞ்சு பாக்கல. காலு பழக்கத்துல மிதிச்சுது, எறங்க வேண்டிய மூணாவது சுரம் ஏறிடுச்சு. அழுக தொண்டையில அடைச்ச மாதிரி ஒரு சத்தம். ரெக்கார்டிங் முதலாளி, "இதுல யாரும் கை வைக்கக் கூடாது"ன்னுட்டாரு. இன்னொரு தடவ எடுப்போம்னு லாயிட் கெஞ்சினாரு. நடக்கல.

அந்த அழுகைக்காகவே பாட்டு ஊரு ஊரா ஓடிச்சு. இன்னிக்கு ஸ்டீல் கத்துக்கிறவன் எல்லாம் அந்தத் தப்பத்தான் முதல்ல கத்துக்கிறான். "என் தம்பி வாயில எவன் விசிலையோ வச்சுட்ட"ன்னு சொன்னதுதான் லாயிட் வெர்லின்கிட்ட பேசின கடைசிப் பேச்சு.

ஒலீட்டா போனதும் வெர்லின் கிட்டாரோட கால விரிச்சு நிறுத்தினாரு. நான் காப்பியோட போனேன்.

"ஒரு தடவையாவது அவனுக்குச் சரியா வாசிக்கணும் தம்பி. பொதைக்கிறதுக்குள்ள."

வாசிச்சாரு. தப்புதான் வந்துச்சு. மறுபடி. மறுபடியும் அதே. ஜனங்க கேட்டதையே வாசிச்சு வாசிச்சு, சொந்த கிட்டார்ல அந்தத் தப்பு வர்ற மாதிரி கால மாத்திப் பழகிட்டாரு. இப்ப காலு சொன்ன பேச்சக் கேக்கல. மூணு நா அப்படியே போச்சு. வியாழக்கிழம மத்தியானம் கம்பி மேல வச்சு இழுக்குற இரும்புக் கட்டையத் தூக்கி மெத்தையில எறிஞ்சுட்டு வெளிய வந்து உக்காந்துட்டாரு.

நான் பம்பு ரிப்பேர் கடையில வேல பாக்குறவன். எனக்கு சுரம் தெரியாது.

"காலு மாறாதுன்னா பெடல மாத்திடலாமே அண்ணே. அந்த இரவல் கிட்டார்ல இருந்த மாதிரி."

எந்திரிச்சு உள்ள போயி கிட்டார் பக்கத்துல நின்னாரு. "எண்ணெய்க் கையோட இதத் தொட்டா கைய ஒடைப்பேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"நூறு தடவ."

"போயி கைய கழுவிட்டு வா."

கிட்டார கவுத்துப் போட்டு, பெடலுக்குப் போற ரெண்டு கம்பியோட கொக்கியையும் இடம் மாத்தி மாட்டினேன். பத்து நிமிஷ வேல. அவரு வாசிச்சுப் பாக்கல. "நாளைக்கு"ன்னு மூடி வச்சுட்டாரு.

வெள்ளிக்கிழம சர்ச்சு நெறஞ்சு வழிஞ்சுது. தொப்பிய மடியில வச்ச கிட்டார்க்காரங்களே ரெண்டு வரிச. சவப்பெட்டிக்குப் பக்கத்துல வெர்லின் உக்காந்தாரு. காலு பழகின மாதிரியே மிதிச்சுது.

மூணாவது சுரம் எறங்கிச்சு.

ஒரு கிட்டார்க்காரன் பக்கத்துல இருக்கிறவன முழங்கையால இடிச்சான். ரெண்டு பேரு தலைய ஆட்டினாங்க. தலை குனிஞ்சிருந்த ஒலீட்டா மட்டும் சட்டுனு நிமிந்து, பெட்டியப் பாக்கல, வெர்லினப் பாக்கல, திரும்பி வாசக் கதவப் பாத்தாங்க. பாட்டு முடியிற வரைக்கும் பாத்துட்டே இருந்தாங்க.

அப்புறம் சாப்பாட்டு மேசையில, உருளைக்கிழங்கு சாலட் வாங்குற எடத்துல, ஒருத்தன் வந்து வெர்லின் தோளத் தட்டினான். "பரவால்ல பெரியவரே. வயசாச்சு. ஆரம்பத்துல கொஞ்சம் தவறிடுச்சு, அவ்ளோதான்."

"ஆமாப்பா," வெர்லின் தட்ட நீட்டினாரு. "தவறிடுச்சு."

கிட்டார வண்டியில ஏத்தும்போது கேட்டேன், பெடல் கம்பிய பழையபடி மாத்திடவான்னு.

"இருக்கட்டும்"னாரு.