பழக்கூடையில் ஏழு ஹன்சாகி

கையை உள்ளே விட்ட மறுநொடியே கென்சாகுவுக்குத் தெரிந்துவிட்டது. தடுப்பணையின் அடியில், கரைக் கல்லுக்குப் பின்னால் ஒரு வளை. தோள் வரை கையை நுழைத்தபோது வழவழவென்று ஏதோ விலகிப் போனது. கையை எடுத்து மோந்து பார்த்தார். சுட்ட விலாங்கின் மேல் தூவுகிற சன்ஷோப் பொடியின் காரமான வாசம் அடித்தது.

"மெஷினை நிறுத்தச் சொல்லுங்க மேஸ்திரி," என்றார். "உள்ள ஹன்சாகி இருக்கு."

மேஸ்திரி குனிசாதா ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். ஆற்றில் ஆள் இறங்கி மூன்று நாள்தான் ஆகிறது. ராட்சத சாலமாண்டரைத்தான் அந்த மலையூரில் ஹன்சாகி என்பார்கள், பாதுகாக்கப்பட்ட பிராணி. அனுமதி இல்லாமல் தொட்டால் குற்றம், வளையை இடித்தால் பெரிய குற்றம்.

"பார்க்காத மாதிரி இருந்திருக்கக் கூடாதா?"

"கை பார்த்திருச்சு."

"தொட்டதுக்கே உள்ள போடுவாங்க அண்ணே," என்றான் ஹிசாவோ, கலவை மெஷின் பக்கத்திலிருந்து. ஐம்பது வயதாகியும் வாய் அடங்காத ஆள். "போறப்ப கம்பளி எடுத்துக்கிட்டுப் போங்க. அங்க குளிரு அதிகமாம்."

ஓத்தானி ஓடையின் குறுக்கே அந்த அணையைக் கட்டி அறுபது வருஷம் இருக்கும். கீழே இருக்கிற ஹன்சாகி எதுவும் அதைத் தாண்டி மேலே ஏற முடியாது. சுவரில் முட்டி முட்டி மூக்கில் புண்ணோடு கிடக்கும். அதற்காகத்தான் இந்த வேலையே. சுவரின் ஒரு ஓரத்தை உடைத்துவிட்டு, கல் பதித்துச் சரிவான படி கட்ட வேண்டும். மீனும் ஹன்சாகியும் ஏறி இறங்கிக்கொள்ளும். ஏழு பேருக்குக் குளிர்காலம் முழுக்க வேலை. இது முடிந்தால் மேலே இன்னும் இரண்டு அணை இருக்கிறது.

மதியத்துக்குள் அமானோ டீச்சர் வந்துவிட்டார். பல்கலைக்கழகத்தில் இந்தப் பிராணிகளைப் பற்றிப் படித்தவர், நாற்பது வயது இருக்கும். இடுப்பு வரை ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு தண்ணீரில் குப்புறப் படுக்காத குறையாக வளைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பெரிய ஆள்தான்," என்றார். "முட்டை வேற கிடக்கு. கென்சாகு ஐயா, உங்க கை நீளம். தலைக்குப் பின்னாடி பிடிச்சு இழுங்க. வாய்ப்பக்கம் மட்டும் போகாதீங்க."

இழுத்து வெளியே கொண்டுவந்ததைப் பார்க்க ஹிசாவோ கலவை மெஷினை விட்டுவிட்டு ஓடி வந்தான். மனுஷன் இடுப்பு உயரத்துக்கு ஒரு பிராணி. பாறைத் துண்டு உயிர் பெற்ற மாதிரி இருந்தது. சப்பட்டைத் தலை, தலை அகலத்துக்கு வாய், மிளகு அளவுக்குக் கண். விலா ஓரமாக மடிப்பு மடிப்பாகத் தோல். நீளவாக்கில் பாதியாகப் பிளந்த குழாயில் அதைப் படுக்க வைத்து அளந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர், பத்து கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. டீச்சர் கருவியை முதுகில் ஓட்டிப் பார்த்தார். ஏற்கெனவே யாரும் பிடித்து அடையாளச் சில்லு வைத்த பிராணி இல்லை. வாலின் ஓரத்தில் அரிசி அளவு தோலைக் கிள்ளிச் சிறு குப்பியில் போட்டார்.

"அது எதுக்கு?" என்று கேட்டார் மேஸ்திரி.

"நம்ம நாட்டு ஹன்சாகியா, சீனாவிலேர்ந்து வந்ததோட கலந்ததான்னு பார்க்கணும். கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. நம்ம இனம்னா இங்கேயே திரும்ப விடுவோம், வளையை அப்படியே வச்சு நீங்க வேலையைப் பாருங்க. கலப்புன்னா விட முடியாது. மூடின பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்துல வச்சிருக்கோம். சாகிற வரைக்கும் அங்கதான்."

"ஆயுள் தண்டனை," என்றான் ஹிசாவோ. "அறுபது எழுபது வருஷம் வேற வாழுமே."

"அது என்ன தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டார் மேஸ்திரி.

"ஒண்ணும் பண்ணல. ஆனா விட்டா பத்து இருபது தலைமுறையில இந்த ஆத்துல நம்ம இனமே இருக்காது. சீனத்து ஆளுக்கு வேகம் அதிகம், வளையைப் பிடிக்கிறதுல கெட்டிக்காரன்."

கென்சாகு கையைக் கழுவிக்கொண்டிருந்தார். வாசம் போகவில்லை.

சோற்று உருண்டையும் பார்லித் தேநீரும் எடுத்துக்கொண்டு எல்லோரும் கரையில் உட்கார்ந்தார்கள். ஹன்சாகி பக்கத்தில் தொட்டியில் கிடந்தது. ஹிசாவோ ஊறுகாயைக் கடித்தபடி கேட்டான்.

"டீச்சர், இது பல்லியிலதானே சேர்த்தி? பல்லிக்குத் தாத்தா."

"இல்ல. தவளைக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். செதில் இருக்கா பாருங்க, இல்ல. முட்டைக்கு ஓடு இருக்கா, இல்ல. தோலாலயே மூச்சு விடும். வாலில்லாதது தவளை. வாலோட இருக்கிறது இவங்க. காலே இல்லாம மண்புழு மாதிரி மூணாவதா ஒரு கூட்டம் இருக்கு, நம்ம நாட்டுல இல்ல."

"வயல்ல கிடக்குமே, வயிறு சிவப்பா, இமோரி? அது?"

"அதுவும் வால் கூட்டம்தான். மலை ஊத்துல விரல் நீளத்துக்கு இருக்குமே, அதுவும். அந்தச் சின்னதுல மட்டும் இந்த நாட்டுல அம்பது இனம் எழுதி வச்சிருக்கோம். மலைக்கு மலை வேற. இந்தப் பள்ளத்தாக்குல இருக்கிறது அடுத்த பள்ளத்தாக்குல இருக்காது. எங்க டிபார்ட்மெண்டுல பாதிச் சண்டை அதைப் பத்தித்தான், ஒண்ணா ரெண்டான்னு."

"வேலை இல்லாத ஆளுங்க," என்றார் மேஸ்திரி. டீச்சர் சிரித்துவிட்டு மேலே சொன்னார்.

"ஆனா இமோரிக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம். இமோரி பெண்ணோட உடம்புக்குள்ளேயே கருவாகும். இது மீன் மாதிரி. பெண்ணு வந்து முட்டையை விட்டுட்டுப் போயிடும். இவன் மேல பாலைப் பாய்ச்சிட்டுக் காவல் நிப்பான். ஒண்ணு போனா அடுத்தது வரும். இவனுக்குப் பேரே வளைக்கு எஜமான். எந்த முட்டை எந்த அம்மாவோடதுன்னு எஜமானுக்கே தெரியாது."

ஹிசாவோ அதற்கு ஒரு கெட்ட ஜோக் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். கென்சாகு உருண்டையைப் பாதியில் வைத்துவிட்டார்.

அவருடைய அப்பா அந்த ஓடைக்கு மேலே விடுதி நடத்தியவர். எட்டு அறை, ஒரு வெந்நீர்க் குளியல் தொட்டி. கென்சாகுவுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது, சீனாவிலிருந்து தின்பதற்கென்று ஹன்சாகி வந்து இறங்குகிறது என்று யாரோ அப்பாவுக்குச் சொன்னார்கள். நம் நாட்டுப் பிராணியைத் தொட முடியாது, இதைத் தொடலாம், நகரத்து ஆட்கள் மலை ருசி என்று வந்து தின்பார்கள் என்று நம்பி அப்பா ஒரு பெட்டி வரவழைத்தார். வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், முகத்தைச் சுளித்தார்கள், சுட்ட நன்னீர் மீன் போதும் என்றார்கள். ஆறு மாதம் அவை கொல்லைத் தண்ணீர்த் தொட்டியில் கிடந்தன. அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு போன நாளில் ஒன்று குழந்தை மாதிரி முனகியது. கத்தியை வைத்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலையில் சீமைப்பனிச்சைப் பழம் பறிக்கிற பெரிய கூடையில் ஏழையும் போட்டு, முன்பக்கக் கைப்பிடியை மகனிடம் கொடுத்து, அணைக்கு மேலே ஒரு மணி நேரம் நடந்து, கரும்பாறைக் குளத்தில் கவிழ்த்தார். கவிழ்த்துவிட்டு இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டார். "உயிரை விட்டோம்டா, புண்ணியம்," என்றார். "யார்கிட்டயும் சொல்லாத. வாங்கி விக்க முடியாம போச்சுன்னு சிரிப்பாங்க." சாகிற வரைக்கும் தன் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று நம்பிக்கொண்டிருந்தார். கென்சாகுவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார், இந்த மதியச் சாப்பாடு வரைக்கும்.

மேலே ஹன்சாகியே கிடையாது என்றுதான் ஊரில் சொல்வார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் வந்து தேடிப் பார்த்த குழுவுக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. அவர்கள் கரும்பாறைக் குளம் வரை ஏறவில்லை என்பது கென்சாகுவுக்குத் தெரியும்.

தோலின் முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அதுவரை சுவரைத் தொடாமல் கல் அடுக்கினார்கள், கம்பி வளைத்தார்கள். எஜமானை அன்றைக்கே வளையில் முட்டையோடு விட்டு, வாயிலை அடைத்துக் கூண்டு கட்டியிருந்தார்கள். கென்சாகு வேலைக்கு நடுவில் போய்ப் பார்ப்பார். வாலை ஆட்டி ஆட்டி முட்டைக்கு நல்ல தண்ணீர் அனுப்பிக்கொண்டே இருக்கும். பாசிமணி கோத்த மாதிரி சரம் சரமாக முட்டை, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வெள்ளைப் புள்ளி. நாளாக ஆகப் புள்ளி நீண்டு வளைந்தது.

வியாழக்கிழமை டீச்சர் காரை விட்டு இறங்கும்போதே சிரித்த முகமாக இருந்தார்.

"சுத்தம். இந்த ஊர்க்காரன்."

ஆட்கள் கை தட்டினார்கள். மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து வேலை அட்டவணையை எடுத்துவிட்டார். "அப்போ நாளைக்குச் சுவரை உடைச்சிடலாம். காலையில எட்டு மணிக்குப் பெரிய மெஷின் வருது."

கென்சாகு கையில் கம்பி வளைக்கிற இடுக்கி இருந்தது. பேசாமல் இருந்தால் போதும். ஹிசாவோவுக்கு இந்த வேலை போனால் பனி அள்ளுகிற வேலைதான். மேஸ்திரி பழைய லாரியை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று பேசி வைத்திருக்கிறார். அப்பாவின் பெயர் கல்லறைக் கல்லில் நிம்மதியாக இருக்கிறது. நாளைக்குச் சுவர் உடைந்தால் மேலே இருக்கிறவை எல்லாம் இறங்கி வரும், கீழே இருக்கிறவை ஏறிப் போகும். யார் செய்ததென்று ஒருவருக்கும் தெரியப் போவதில்லை.

இடுக்கியைக் கீழே வைத்தார்.

"டீச்சர், முட்டையைப் பார்த்தீங்களா?"

"எதுக்கு? எஜமான்தான் சுத்தம்னு வந்திருச்சே."

"அவன் அப்பன் மட்டும்தானே. அம்மா யாருன்னு அவனுக்கே தெரியாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

டீச்சர் அவர் முகத்தையே பார்த்தார். "கென்சாகு ஐயா, மேல என்ன இருக்கு?"

சொன்னார். கூடை, குளம், கும்பிட்டது எல்லாம் சொன்னார். நாலு வருஷத்துக்கு முன் வந்த வெள்ளத்தில் மேலிருந்து ஒன்றோ இரண்டோ விழுந்திருக்கும் என்றும் சொன்னார். அவர் முடிக்கும்போது கலவை மெஷினை யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

"பதினஞ்சு வருஷமா என்கூட வேலை செய்றீங்க," என்றார் மேஸ்திரி. குரலில் கோபத்தை விட அசதிதான் இருந்தது. "டெண்டர் போடுறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?"

"புண்ணியம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் மேஸ்திரி. டீச்சர் சொன்னப்பதான் என்னன்னு புரிஞ்சுது. ஒன்பது நாளா வாய் வரல."

மேஸ்திரி எழுந்து போய்ப் பெரிய மெஷின்காரனுக்குப் போன் போட்டார்.

அன்று மாலையே சரத்துக்கு இத்தனை என்று முப்பது முட்டை எடுத்துப் போனார்கள். அவசரம் என்பதால் நாலு நாளில் முடிவு வந்தது. முப்பதில் பதினொன்று கலப்பு. எது நல்லது, எது கலப்பு என்று பிரிக்க வழியில்லை. முட்டை எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லி அரசு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சுவரை உடைக்கிற வேலை நின்றது. ஐந்து பேரை மலைக்கு அந்தப் பக்கம் ரோடு வேலைக்கு அனுப்பினார் மேஸ்திரி, போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். கென்சாகுவையும் ஹிசாவோவையும் மட்டும் ஓடையிலேயே வைத்துக்கொண்டார்கள். மேலே இருக்கிறவற்றைப் பிடிக்கப் பொறி வைக்க ஆள் வேண்டும். புது லாரியைப் பற்றி மேஸ்திரி பேசவேயில்லை.

முட்டையை எடுக்கிற நாள் டீச்சர் தானே இறங்கப் போனார்.

"நான் எடுக்கிறேன்," என்றார் கென்சாகு. "கை நீளம்."

முதல் சரம் வந்தது, இரண்டாவது வந்தது. மூன்றாவதற்குக் கையை நுழைத்தபோது எஜமான் பக்கவாட்டில் திரும்பி ஒரே கவ்வாகக் கவ்வியது. இழுத்தால் சதை பிய்ந்துவிடும் என்று தெரியும். அதுவாக விடுகிற வரைக்கும் குளிர்ந்த தண்ணீரில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். விட்டதும் சரத்தை எடுத்து வாளியில் போட்டுவிட்டுத்தான் கையைப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே பிறை வடிவத்தில் ஊசிப்பல் வரிசை, ரத்தம் மெதுவாகக் கசிந்தது.

ஹிசாவோ துணியைக் கிழித்துக் கட்டிவிட்டான். "இது உங்க அப்பாவுக்குப் போக வேண்டிய கடி அண்ணே," என்றான். "அட்ரஸ் மாறி வந்திருச்சு."

"சரியான அட்ரஸ்தான். கூடையில ஒரு கைப்பிடி என்னுது."

டீச்சர் எஜமானின் தோளில் சில்லு வைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, கூண்டைப் பிரித்துவிட்டார். அது எங்கும் போகவில்லை. காலி வளைக்குள் புகுந்து, தலையை வாயிலில் வைத்து, வாலை ஆட்ட ஆரம்பித்தது. உள்ளே இருந்த மணல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

"எத்தனை நாள் இப்படி நிக்கும்?" என்று கேட்டார் கென்சாகு.

"குஞ்சு வெளிய போற வரைக்கும் நிப்பான். தை மாசம் வரைக்கும்கூட. முட்டை இல்லன்னா எத்தனை நாள்னு யாரும் பார்த்து எழுதல."

மறுநாள் காலை மூன்று பேரும் பொறிகளைத் தூக்கிக்கொண்டு மேலே நடந்தார்கள். கட்டுப் போட்ட கையில் பாரம் தூக்க முடியாததால் கென்சாகு முன்னால் போனார். பாதை புதர் மண்டிக் கிடந்தாலும் கால் தவறவில்லை. கரும்பாறைக் குளம் அவர் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"இங்கதான்," என்றார். "நான் அந்தக் கல்லு மேல நின்னேன்."

"எத்தனை விட்டீங்கன்னு சொன்னீங்க?"

"ஏழு. ஒண்ணு சின்னது."

டீச்சர் எழுதிக்கொண்டார். ஹிசாவோ முதல் பொறியில் மீன் துண்டைக் கட்டிக் குளத்துக்குள் இறக்கினான். கயிற்றின் மறுமுனையைக் கென்சாகு அந்தக் கல்லிலேயே சுற்றிக் கட்டினார்.