மூக்கனையும் மிளகாயையும் பூனைகளாகவே விட்டுவைத்தல்

1.

அந்தத் தேயிலைத் தோட்டத்தில், பூனைக்குட்டிகளைக் கொண்டுவந்து விட்டது யார் என்று எவரும் கேட்பதில்லை.

கீழ்ப் பிரிவில் வேண்டாத குட்டிகள் பிறந்தால் அவை ஒரு பழைய உரப்பையில் ஏறி மேற்பிரிவின் பிள்ளைக் காம்பரா வாசலுக்குப் போகும். மேற்பிரிவில் பிறந்தவை அதே மாதிரியான பையில் கீழே வரும். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் பிள்ளைக் காம்பரா. அங்கே பால் இருக்கும், அடுப்பு எரியும், இளகிய மனத்தோடு ஓர் ஆயம்மாவும் இருப்பார் என்பது அனுப்புகிறவர்களின் கணிப்பு. ஆயம்மா சில நாள் பாலூற்றுவார். பிறகு ஆளில்லாத நேரம் பார்த்து மறு பிரிவுக்கு அனுப்பிவைப்பார். ஒரே குட்டி இரண்டு தடவை மலையேறி இறங்கியதும் உண்டு. எதிரே வருபவரின் கையில் பை அசைந்தால் கண்டவர் மழையைப் பற்றிப் பேசிவிட்டு நகர்ந்துவிடுவார். அடுத்த வீட்டு இருமலுக்கு இந்த வீட்டில் விழித்துக்கொள்ளும், ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகளில் வாழும் லயத்து மனிதர்கள், சிலவற்றைக் காணாமல் இருந்தால்தான் அயலவர்களாக நீடிக்க முடியும்.

இந்தக் கதை எங்கே தொடங்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை. இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஒரு கால்நடை வைத்திய நிலையத்தின் வாங்கில் உட்கார்ந்து, நண்பரின் நாய்க்குத் தடுப்பூசி போடக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண். மடியில் மூடிய கூடை. மூடியின் இடுக்கால் ஒரு சிறிய பாதம் வெளியே வந்து காற்றைக் கீறியது. நான் விரலை நீட்டினேன்.

"தொடாதீங்க. அதுக்கு ஒங்கள இன்னும் தெரியாது" என்றார் அவர்.

அந்த "இன்னும்" என்ற சொல்லோடு வீடு திரும்பினேன். அவருடைய பெயர் சுதர்ஷினி அல்ல. இனி வருபவை அனைத்தும் என் புனைவு.

2.

முதல் வரைவு இவ்வாறு தொடங்கியது: "மூடுபனி மலைகளைப் போர்த்தியிருந்த ஒரு காலையில்—"

நிறுத்திவிட்டேன். மலையகக் கதைகளில் மூடுபனி இடையறாது உழைத்துவருகிறது. அதற்கும் ஒரு நாள் ஓய்வு கொடுக்கலாம்.

இரண்டாவது வரைவு: "தாயிடமிருந்து பிரித்து, பையில் அடைத்து, முன்பின் அறியாத மலையொன்றில் இறக்கிவிடப்பட்ட அந்த—"

இங்கே என் கல்வி கைகொட்டி மகிழ்ந்தது. குட்டிகள் எவரைக் குறிக்கின்றன, பை, கூலிகளாக முன்னோரை ஏற்றிவந்த எந்தக் கப்பலைக் குறிக்கிறது என்று ஓர் ஆய்வரங்கக் கட்டுரையே எழுதிவிடலாம். நானே எழுதுவேன், கூச்சப்படாமல் அடிக்குறிப்புகளும் தருவேன். மலையகத்தைப் பற்றிய எழுத்தில் ஒரு பூனை பூனையாக இருப்பதற்கு எளிதில் அனுமதி கிடைப்பதில்லை. ஆனால் குறியீடுகளுக்குக் கண்ணில் பீளை கட்டுவதில்லை. இந்தக் குட்டிகளுக்குக் கட்டியது. யாராவது வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைக்க வேண்டியிருந்தது. அந்தத் துடைப்பைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

ஆகவே மூன்றாவது வரைவு.

3.

பையின் முடிச்சை அவிழ்த்ததும் சுதர்ஷினிக்குக் கடி விழுந்தது.

கீழ்ப் பிரிவுப் பிள்ளைக் காம்பராவின் ஆயம்மா அவள். இதற்கு முன் வந்த குட்டிகள் பையைத் திறந்தவுடன் காலைச் சுற்றும். லயத்தில் பிறந்தவை, மனித வாசனை தெரிந்தவை. இவை வேறு. கைவிடப்பட்ட தேயிலைக் காட்டில், மனிதக் குரல் எட்டாத ஏதோ ஒரு வடிகால் கானுக்குள் பிறந்திருக்க வேண்டும். ஒன்று சாம்பல் நிறம். இரு கண்களும் பீளையால் ஒட்டிக் கிடந்தன, மூக்கு ஒழுகியது. மற்றொன்று கறுப்பும் செம்மையும் கலந்தது. உள்ளங்கையளவு உடம்பை வைத்துக்கொண்டு புலிக்கு உரிய கோபத்தோடு சீறியது. சாம்பலுக்கு மூக்கன் என்றும் சீறியதற்கு மிளகாய் என்றும் பெயர்கள் தாமாகவே வந்தன.*

கண் திறக்காத குட்டியை அனுப்பக் கூடாது என்பது அந்தச் சொல்லாத விதிக்குள் இன்னொரு சொல்லாத விதி. சுதர்ஷினி காத்திருந்தாள். மூக்கனின் கண்கள் மருந்துக்குப் பிறகே திறந்தன. இடது கண்ணில் பால்போல ஒரு படலம் நின்றுவிட்டது. தும்மலும் நிற்கவில்லை. ஹட்டனில் இருந்த சிங்களப் பெண் வைத்தியர் குட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தன்னால் இயன்ற தமிழில் சொன்னார்:

"இந்தச் சளி முழுசா போகாது, ஹரித? சரிதானே? குளிர் வந்தா திரும்ப வரும். மூக்கு அடைச்சா வாசனை இல்ல. வாசனை இல்லன்னா சாப்பிடாது. சாப்பாடு சூடா குடுங்க, அப்ப வாசனை வரும்."

"மத்தது கடிக்குதுங்க நோனா."

"அது பயம். கோபம் இல்ல. மேலேருந்து கை கொண்டு போக வேணாம். கீழ உக்காந்து இருங்க. அது வரும். லேட்டா வரும்."

(* இலக்கிய விமர்சகருக்கு: பெயர்களில் ஆழ்ந்த பொருள் எதுவும் இல்லை. ஒன்றுக்கு மூக்கு ஒழுகியது. மற்றொன்று எரிந்தது.)

4.

சுதர்ஷினியின் கணவன் விஜிதரனைப் பற்றி ஒரு தடுமாற்றம் இருந்தது. கதைக்கு எதிர்ப்பு வேண்டும் என்று எண்ணி, குடித்துவிட்டு வந்து குட்டிகளை எட்டி உதைக்கும் ஒருவனை முதலில் எழுதினேன். அந்தப் பக்கத்தை மறுநாள் வாசித்தபோது, அவன் எங்கிருந்தோ இரவல் வாங்கப்பட்டவன் என்பது தெரிந்தது. உண்மையான விஜிதரன் [புனைவில் "உண்மையான" என்பது என்ன? பிறகு பார்ப்போம்] முச்சக்கர வண்டி ஓட்டுபவன், வாயாடி.

"எனக்குச் சளி புடிச்சா இஞ்சித் தண்ணிக்கே வழியில்ல. தொரைக்கு ஆவி புடிக்கிறாங்க" என்பான். சொல்லிக்கொண்டே, வெந்நீர்ச் சட்டியின் முன்னால் மூக்கனைத் துவாயில் சுற்றிப் பிடித்திருப்பவனும் அவன்தான்.

"அசையாமப் புடிங்க. கதை அப்புறம் பேசலாம்."

"நான் அசையல. தொர தும்முறாரு. என் மூஞ்சி பூரா அவருதான்."

நெத்தலிக் கருவாட்டைச் சுட்டு, சோற்றில் பிசைந்து, ஆறுவதற்குள் மூக்கனுக்கு முன்னால் வைக்க வேண்டும். ஆறிவிட்டால் அவனுக்கு அது சோறல்ல, வெறும் தட்டு. சுதர்ஷினி அடுப்பில் திரும்பச் சூடாக்குவாள். சில நாள் ஒரே பிடி சோறு அடுப்புக்கும் தரைக்குமாக நாலைந்து முறை நடக்கும்.

மிளகாய் விறகுக்குப் பின்னால் குடியிருந்தாள். கூரைத் தகரம் கொஞ்சம் சடசடத்தால் போதும், இரண்டு நாள் வெளியே வரமாட்டாள். பூனையைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் நம்பிக்கை வரும் என்று விஜிதரன் போனில் ஒரு வீடியோ பார்த்தான். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் தரையில் சம்மணமிட்டு, விறகைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்துகொண்டிருப்பான்.

"என்னா விஜி, கண்ணுல தூசியா?" என்று பக்கத்து வீட்டு அழகம்மை வாசலில் நின்று கேட்டாள்.

"இல்லக்கா. காதல்."

ஒரு மாலையில் மிளகாய் வெளியே வந்தாள். அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். கண்ணை மூடித் திறந்தாள். வெளியே போய்ச் சுதர்ஷினியை அழைக்க வேண்டும். ஆனால் அசைந்தால் போய்விடுவாள். விஜிதரன் உட்கார்ந்தபடியே, உதடு மட்டும் அசைய, "இந்தா புள்ள... இந்தா புள்ள..." என்று காற்றுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்த இடத்திலேயே கதையை நிறுத்திவிடும் ஆசை எனக்கு வந்தது. நிறுத்தியிருந்தால் எல்லோரும் நலமாக இருந்திருப்பார்கள்.

5.

அழகம்மையின் மகள் பிள்ளைக் காம்பராவில் தவழும் வயதுக்காரி. ஒரு முற்பகலில் மிளகாய், வீட்டுக்கும் காம்பராவுக்கும் பொதுவான சுவரேறி உள்ளே வந்துவிட்டாள். குழந்தை அவள் வாலைப் பிடித்து இழுத்தது. புறங்கையில் நீளமாக ஒரு கீறல். குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். அழகம்மை சண்டை பிடிக்கவில்லை. சுதர்ஷினியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அதுதான் கூடுதலாக வலித்தது.

தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் வந்தார். "வெல்பெயார் ஐயா" என்பார்கள். அவரைக் கொடியவராக எழுதிவிட்டால் என் வேலை இலகுவாகும். ஆனால் அவர் சொன்னதில் பிழை காண முடியவில்லை.

"இந்தா சுதர்ஷினி, நான் பூனைக்கு எதிரி இல்ல. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. இது பச்சப் புள்ளைங்க இருக்கிற எடம்."

"எங்க வீட்டுக்குள்ளயே வச்சுக்கிறேங்க ஐயா."

"ஒங்க வீடும் காம்பராவும் ஒரே சுவரு. பூனைக்கு கேட்டு போட்டு நிப்பாட்டுவியா? வர்ற கெழம திரும்ப வருவேன். பூன இருந்தா நான் வேற ஆயம்மாவத்தான் பாக்கணும். கோவிச்சுக்கிடாத."

அன்று விஜிதரன் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"மேல்பிரிவுக்குப் போற குறுக்குப் பாத ஒனக்குத் தெரியாததா..."

அவள் மூக்கனின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மூக்கனுக்கு அந்தப் பழைய கம்பளியையும் சேத்து வச்சி விடு" என்றான். எழுந்து வெளியே போய்விட்டான்.

6.

முடிவுகளைப் பற்றி வாசகரோடு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு முடிவில், வெல்பெயார் ஐயாவின் கால் சப்பாத்தின் மேல் மூக்கன் உட்கார்ந்து தும்முகிறான். அவர் மனம் இளகுகிறது. எழுதிப் பார்த்தேன். வாசிக்கும்போது எனக்கே கண் கலங்கியது, அதனாலேயே சந்தேகம் வந்தது. இன்னொன்றில் நுவரெலியாவுக்குச் சுற்றுலா வந்த ஒரு தம்பதி இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் குட்டிகளைக் காப்பாற்றுகிறார்களோ இல்லையோ, என்னைக் காப்பாற்றிவிடுவார்கள்.

மூன்றாவது, வழக்கப்படி நடப்பது. சுதர்ஷினி பையை மேற்பிரிவு வாசலில் வைத்துவிட்டு வருகிறாள். அங்கே யாரோ தட்டில் பால் வைக்கிறார்கள். பால் ஆறியிருக்கிறது. மூக்கனின் மூக்கு அடைத்திருக்கிறது. மிளகாய் மனிதர்களைக் கண்டு தேயிலைக்குள் ஓடுகிறாள். மறுநாள்—

இல்லை, இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன்.

ஆகவே அவளைப் பையோடு குறுக்குப் பாதையில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே போய்ப் பார்க்கப்போகிறேன். இனி மேற்பிரிவின் ஆயம்மா மீனம்மா வருவார். அவர் பேச வேண்டிய கடைசிப் பேச்சை நான் எழுதவில்லை. அதற்குரிய இடத்தை வாசகருக்காக விட்டிருக்கிறேன்.

7.

ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் புறப்பட வேண்டியவள், மூக்கனுக்குக் கடைசியாக ஒரு தடவை சோற்றைச் சூடாக்கினாள். அவன் அன்று பார்த்து ஆற அமரச் சாப்பிட்டான். மிளகாயைத் துவாயால் மூடிப் பிடித்ததில் மணிக்கட்டில் புதிய கடி ஒன்று. கண்மருந்துக் குழாயைக் கம்பளிக்குள் செருகினாள். புறப்படும்போது நன்றாக வெளுத்துவிட்டிருந்தது.

கொழுந்து கூடிய காலம் என்பதால் ஞாயிறாக இருந்தும் மலையில் ஆட்கள் நின்றார்கள். பை அசைவதைக் கண்டதும் அத்தனை பேருக்கும் கொழுந்தின் மேல் அக்கறை பெருகியது. அழகம்மையும் அங்கே நின்றாள், அவளும் குனிந்துகொண்டாள். அதில் வன்மம் இல்லை. அதுதான் அவர்களுடைய மரியாதை.

பாதை வளைகிற இடத்தில் மேலிருந்து மீனம்மா இறங்கி வந்தார். அவர் கையிலும் ஓர் உரப்பை. அதுவும் அசைந்தது.

இருவரும் நின்றார்கள்.

"எங்க புள்ள, காலங்காத்தால?"

"சும்மாதாங்க்கா. மேல வரைக்கும்."

"நானும் சும்மாதான். கீழ வரைக்கும்." மீனம்மா தன் பையைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். "கொஞ்சம் கெழங்கு."

"எங்கிட்டயும் கெழங்குதாங்க்கா."

மேலேயிருந்து கீழே கிழங்கும் கீழேயிருந்து மேலே கிழங்கும் போவதில் இருவருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. அப்போது சுதர்ஷினியின் கிழங்கு தும்மியது. நிறுத்தி, இன்னொரு தடவை தும்மியது.

மீனம்மா வானத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

"பனி ஜாஸ்திதான். கெழங்குக்கும் சளி புடிக்கிற காலம்."

பாதையோரமாக ஒதுங்கி வழிவிட்டார். நல்ல மனுஷி. சுதர்ஷினி போகலாம். போய், வாசலில் வைத்துவிட்டுத் திரும்பலாம். ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

இரண்டடி வைத்தாள், நின்றாள். ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்காதவரிடம் எதைச் சொல்வது? இடது கண்ணுக்குத்தான் மருந்து என்று குழாய் சொல்லாது. ஆறிய சோற்றை மூக்கன் தொடமாட்டான் என்று கம்பளி சொல்லாது.

"அக்கா" என்றாள் திரும்பாமலே. "சோத்தச் சூடாக்கித்தான் வைக்கணும்."

"என்னா?"

"ஆறிப்போனா வாசன தெரியாது. வாசன தெரியலன்னா சாப்பிடாது. மத்ததுக்கு மேலேருந்து கை நீட்டக் கூடாது. கீழ உக்காந்து..." பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கீழ உக்காந்து கண்ண மூடித் தொறக்கணும்."

"கெழங்குக்கா?" என்றார் மீனம்மா மெதுவாக. அது பரிகாசமல்ல, வெளியே போகத் திறந்து வைத்த கடைசிக் கதவு.

சுதர்ஷினி திரும்பினாள். பாதையின் நடுவிலேயே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். மூக்கனை வெளியே எடுத்து, மலையிலுள்ள அத்தனை பேரும் பார்க்க, முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்தாள்.

"பூனங்க்கா. ரெண்டும் என் பூன. ஒங்க காம்பரா வாசல்ல விட்டுட்டு ஓடத்தான் வந்தேன். இப்பத் திருப்பிக் கொண்டுபோறேன்."

கொழுந்து பறித்த கைகள் நின்றுவிட்டன. அழகம்மை நிமிர்ந்து பார்த்தாள். சுதர்ஷினி அவளுக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்: "சுவருக்கு மேல கம்பி வல அடிக்கச் சொல்றேன். புள்ளைங்க பக்கம் வரவுட மாட்டேன். வெல்பெயார் ஐயாகிட்டயும் நானே போய்ச் சொல்றேன். வேலைய விட்டு நிப்பாட்டுனா நிப்பாட்டட்டும்."

மீனம்மாவின் பைக்குள் ஏதோ மெல்லிய குரலில் கத்தியது. மீனம்மா பழக்கத்தினால் மறுபடி வானத்தைப் பார்க்கப் போனார்.

"மழ வராதுங்க்கா" என்றாள் சுதர்ஷினி. "ஒங்க பேக்குல எத்தன இருக்கு? யாரு கொண்டாந்து விட்டது?"