போர் வராது என்று சொன்னவள்

2022 பிப்ரவரி பதினேழாம் தேதி, வியாழக்கிழமை. ரேகா சிதம்பரத்தில் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து, ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்துக்கான அடிக்குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். செல்போன் அதிர்ந்தது. தம்பி ஹரிஷ். அவன் வேலை பார்த்த சரக்குக் கப்பல் இஸ்தான்புல்லுக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றிருந்தது. ரேகா வராந்தாவுக்கு ஓடிவந்து எடுத்தாள்.

"அக்கா, ஒரு விஷயம் கேக்கணும். கப்பல் உக்ரைனுக்குப் போவுது. மிகொலாயிவ்னு ஒரு துறைமுகம், மக்காச்சோளம் ஏத்தணும். பயமா இருக்கறவன் இங்கியே எறங்கிக்கலாம், கம்பெனி டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பும்னு கேப்டன் சொல்றாரு. சாயந்திரத்துக்குள்ள முடிவு சொல்லணும். நீதான் ஆறு வருஷமா இதையே படிக்கிற. சண்டை வருமா, வராதா?"

அவள் படித்தது உண்மையில் ரஷ்யாவை அல்ல, ரஷ்யாவைப் படித்தவர்களை. ரஷ்யர்கள் போரைப் பற்றி எப்படி யோசிக்கிறார்கள் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் அறிஞர்கள் எழுதிக் குவித்ததை வகைபிரித்து ஆராய்வதுதான் அவளுடைய தலைப்பு. மலையோ கடலோ காவலுக்கு இல்லாத தட்டை நிலம், படையெடுத்து வந்தவர்களிடம் அடிபட்ட நாடு, அந்தப் பயம்தான் அதை ஆட்டிவைக்கிறது என்பார்கள் சிலர். எதிராளி தன் முடிவு என்று நினைத்துக்கொண்டே ரஷ்யாவுக்குத் தோதான முடிவை எடுக்கும்படி செய்வதுதான் ரஷ்யக் கலை என்பார்கள் வேறு சிலர். இந்த இரண்டாவது கூட்டத்தின் எழுத்து ரேகாவுக்குப் பிடித்திருந்தது. எல்லையில் படையைக் குவிப்பதே ஆயுதம், அதைச் சுட வேண்டியதில்லை, மிரட்டிப் பேரம் பேசத்தான் அது என்று நான்காம் அத்தியாயத்தில் அவளே முடித்திருந்தாள். பதினாறாம் தேதி போர் என்று அமெரிக்காவிலிருந்து வந்த பேச்சும் பொய்த்துவிட்டது. படையில் ஒரு பகுதியைத் திருப்பி அழைப்பதாக மாஸ்கோவே அறிவித்திருந்தது.

"வராதுடா" என்றாள். "போன வருஷமும் இப்படித்தான் படையக் கொண்டாந்து நிறுத்தினாங்க. மெரட்டிப் பாக்குறாங்க, அவ்ளோதான்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

"அப்பப் போறேன்" என்று சிரித்தான் ஹரிஷ்.

அடுத்த வியாழக்கிழமை காலை ரேகா கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். ஆலப்பாக்கம் தாண்டியதும் பக்கத்து சீட்டுக்காரர் செல்போனில் செய்தியைச் சத்தமாக வைத்தார். உக்ரைன் மீது ரஷ்யா தாக்குதல். கீவ், கார்கிவ், ஒடெசா என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக வந்தன. ரேகா தன் போனை எடுத்து ஹரிஷின் எண்ணை அழைத்தாள். மூன்றாம் முறை அழைத்தபோதும் மணி அடிக்கவில்லை. புதுச்சத்திரத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

கடலூர் முதுநகர் வருவதற்குள் ஒரு குரல்பதிவு வந்தது. "அக்கா, நல்லா இருக்கோம். தூரத்துல சத்தம் கேக்குது. துறைமுகத்த மூடிட்டாங்க. கப்பல் நவுர முடியாது. இஸ்தான்புல்லு விஷயத்தப் பூஜாகிட்ட சொல்லிடாத."

உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம் சிங்காரத்தோப்பில் அவர்கள் வீடு. அப்பா சடையப்பன் படகை இறக்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மா குப்பு டிவியை விட்டு நகரவில்லை. ஹரிஷின் மனைவி பூஜா முதுநகரில் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். லீவு சொல்லிவிட்டு வந்து, சுவரோரமாக நின்றாள். ரேகா உள்ளே நுழைந்ததும் மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள்.

"நீ படிச்சவ, நீ சொல்லு பாப்பா" என்றார் அப்பா. "ரஷ்யாக்காரன் என்னா பண்ணுவான்? கப்பலையெல்லாம் அடிப்பானா?"

"சரக்குக் கப்பல ஒண்ணும் பண்ண மாட்டாங்க, நைனா."

சொன்ன பிறகுதான் அதுவும் தனக்குத் தெரியாது என்பது உறைத்தது. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

அந்த வாரம் முழுக்கத் தெருவே வந்து அவளைக் கேட்டது. ரேகா ஒவ்வொரு கேள்விக்கும் ஏதோ ஒன்று சொன்னாள். ஆய்வு வழிகாட்டி சுப்புராயன் போன் செய்து, "உங்க தலைப்பு இப்ப உலகமே பேசுற தலைப்பா ஆயிடுச்சும்மா, சீக்கிரம் முடிங்க" என்றார். அவர் குரலில் இருந்த உற்சாகம் அவளைப் பயமுறுத்தியது. மடிக்கணினியைத் திறந்து, தான் நம்பிய அறிஞர்கள் இப்போது என்ன எழுதுகிறார்கள் என்று தேடினாள். ஓரிருவர் தவறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஜனவரியில் இது வெறும் மிரட்டல் என்று எழுதிய ஒருவர், ரஷ்யச் சிந்தனையிலிருந்து இயல்பாக வருவதுதான் இந்தப் போர் என்று இப்போது எழுதியிருந்தார். சான்றுகள் அதே சான்றுகள்தான், முடிவு மட்டும் தலைகீழ். அவருக்கு அந்தத் துறைமுகத்தில் தம்பி யாரும் இல்லை என்று நினைத்தாள் ரேகா.

மார்ச் இரண்டாம் தேதி, ஹரிஷின் கப்பலுக்கு அருகே நின்றிருந்த வங்கதேசக் கப்பல் மேல் குண்டு விழுந்தது. ஒரு இன்ஜினியர் செத்துப்போனார். மறுநாள் டிவியில் கரும்புகையோடு கப்பலைக் காட்டியதும் குப்பு, "ஐயோ என் புள்ள" என்று தரையில் சரிந்தாள். அது வேறு கப்பல் என்று புரியவைப்பதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் வந்தது.

அன்று மாலை பூஜா ரேகாவைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணி, அதே கப்பல்ல இருக்கற தங்கராசுவோட வீட்டுக்காரம்மா பேசுச்சு. இஸ்தான்புல்லுல எறங்கறவங்க எறங்கலாம்னாங்களாம். ரெண்டு பேரு எறங்கி ஊருக்கே வந்துட்டாங்களாம். இவரு ஏன் எறங்கல?"

மறைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த ரகசியத்தோடு இன்னொரு பகலைக் கழிக்க அவளால் ஆகாது.

"என்கிட்டதான் கேட்டான். சண்டை வராது, போன்னு நான்தான் சொன்னேன்."

பூஜா கத்துவாள், அடிப்பாள் என்று கூட எதிர்பார்த்தாள். பூஜா நிரம்பிய குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன் பிறகு ரேகாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே செய்திக்காகக் காத்திருந்த இருவருக்கும் நடுவில் அந்த மௌனம் கிடந்தது. குண்டுச் செய்தியைவிட அதுதான் ரேகாவை அதிகம் வாட்டியது.

ஐந்தாறு நாள் கழித்து, மதியம் ஒன்றரை மணிக்குப் பூஜாவின் போன் அடித்தது. ஹரிஷ்தான். பூஜா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"பூஜா, அக்கா பக்கத்துல இருந்தா குடு. டைம் கம்மியா இருக்கு."

பூஜா போனை நீட்டினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அக்கா, கம்பெனி பஸ் ஏற்பாடு பண்ணியிருக்கு. மால்டோவா எல்லை வரைக்கும். வழியில எங்க குண்டு விழுதுன்னு யாருக்கும் தெரியாது. நேத்துகூட ஊருக்குள்ள விழுந்துச்சு. கப்பல்லயே இருந்தா ஒரு மாசத்துக்குச் சாப்பாடு இருக்கு. நீ சொல்லு, துறைமுகத்த அடிப்பாங்களா, ரோட்ட அடிப்பாங்களா? அரை மணி நேரத்துல பஸ்சு கெளம்புது."

ரேகா ஆறு வருடத்தில் படித்த அத்தனையும் மண்டைக்குள் ஒரே நேரத்தில் பேசின. எதுவும் ஒரு சாலையைப் பற்றியோ ஒரு பஸ்ஸைப் பற்றியோ பேசவில்லை.

"எனக்குத் தெரியாதுடா."

"என்னா அக்கா, நீ போய் இப்படிச் சொல்ற?"

"நெஜமாத் தெரியாது. அன்னைக்கும் எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

பூஜா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏங்க, கேப்டன் பஸ்ல வராரா, கப்பல்லயே இருக்காரா?"

"அவரும் வராரு."

"டிரைவரு யாரு? அந்த ஊரு ஆளா?"

"ஆமா, உள்ளூர் ஆளுதான். அவன் பொண்டாட்டியும் ரெண்டு பசங்களும்கூட இதே பஸ்லதான் வருதாம். முன் சீட்டுல உக்காந்திருக்குது."

"அப்ப ஏறுங்க" என்றாள் பூஜா. "யோசிக்காதீங்க, ஏறிடுங்க."

இணைப்பு அறுந்தது. போனை வைத்ததும் பூஜா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த முறை சொன்னது அவள். ஏதாவது நடந்தால் அது அவள் சொன்னதால் நடந்ததாகிவிடும். அது என்ன பயம் என்று அந்த வீட்டில் ரேகாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பூஜா நகர்ந்துகொள்ளவில்லை.

மறுநாள் காலை ஏழே காலுக்குத்தான் செய்தி வந்தது. எல்லையைத் தாண்டிவிட்டான். பனியில் நின்றுகொண்டு, எல்லோரும் டீ குடிப்பதாகப் படம் அனுப்பியிருந்தான். சடையப்பன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுந்து போய்த் தெருவில் நின்று அழுதார்.

நான்கு நாளில் ஹரிஷ் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினான். முகம் பாதியாகியிருந்தது. கடலூர் வரும் வழியில், பூஜா ஜன்னல் பக்கம் தூங்கிவிட்ட பிறகு, ரேகா கேட்டாள்.

"நான் வராதுன்னு சொல்லலேன்னா எறங்கியிருப்பியா?"

"தெரியலக்கா. எறங்க எனக்கும் மனசில்லதான். அதுக்காக நீ சொன்னதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னும் சொல்ல முடியல. நீ சொன்னதும் தைரியமாப் போனேன்."

அவள் தலையாட்டினாள். அவன் பொய் சொல்லி ஆறுதல்படுத்தாதது அவளுக்கு வலித்தது, ஆனாலும் அதுவே நல்லதாகப் பட்டது.

நான்காம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுத ஒன்றரை வருடம் ஆயிற்று. அந்த அறிஞர்கள் எங்கெல்லாம் ரஷ்யாவைப் பார்த்தார்கள், எங்கெல்லாம் தங்கள் கணக்கையே ரஷ்யாவின் கணக்காகப் பார்த்தார்கள் என்று பிரித்து எழுதினாள். தன் பெயரையும் அந்த இரண்டாவது வரிசையில் சேர்த்தாள். சுப்புராயன் அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னார். அவள் எடுக்கவில்லை.

பூஜா பேச ஆரம்பித்தது அதற்கெல்லாம் முன்பே, போர் தொடங்கிய அந்த வருடம் ஏப்ரல் கடைசியில். ரேகா சிதம்பரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காலையில், சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணி, வெயில் ஜாஸ்தியா இருக்கு, தண்ணி பாட்டில் எடுத்துக்குங்க" என்றாள்.