தம்பிக்காகப் போட்ட ரொட்டி

என் கணவர் மௌத்தான பிறகு எங்கள் வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டவை அவருடைய மீன்கள் மட்டும்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. துக்கத்துக்கு வந்து தங்கிய மகள் சாதியா காப்பியும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டினாள். மீன்களுக்கோ காலை முதல் மாலை வரை விருந்து.

அவர் பெயர் அப்துல் கையூம். தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிராங்கூனில் உள்ள எங்கள் தரைவீட்டின் முன்புறம், கார் நிறுத்தும் இடத்தில் பாதியைத் தோண்டி, கோய் மீன்களுக்கென்று ஒரு குளம் கட்டினார். மீன்கள் நிழலில் நீந்தின, கார் தெருவில் வெயிலில் நின்றது. இதற்காக நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று தட்டை மறைத்தாலும் மூன்றாம் தடவை பிரியாணி வைக்கிற மனிதர், மீன் விஷயத்தில் மட்டும் மகா கஞ்சன். காலையில் ஒரு ஹார்லிக்ஸ் மூடி அளவு தீனி. அதற்கு மேல் ஒரு மணி விழாது.

"என்னங்க, இப்படி வாயப் பொளந்துகிட்டு நிக்குதுங்க. இன்னும் கொஞ்சம் போட்டாத்தான் என்ன?"

"அது எப்பவும் அப்படித்தான் நிக்கும். நம்ம எரக்கம் அதுக்கு ஆகாது, ருக்கையா" என்பார்.

ஒரு நாள் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து குளத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டார். அன்று மாலைக்குள் சுவா சூ காங் கபர்ஸ்தானில் அடக்கமும் முடிந்துவிட்டது. அப்போது அவருடைய ஒரே கூடப்பிறப்பு, அக்கா மைமூன் லாத்தா, மக்காவில் உம்ரா யாத்திரையில் இருந்தார். எனக்கு அவர் மச்சி. செய்தி கேட்டதும் போனில், "நான் வர்ற வரைக்கும் வச்சிருங்களேன், முகத்த மட்டும் பாத்துக்கிறேன்" என்று கேட்டார். ஜனாஸாவை அப்படி வைத்திருக்க முடியாது. விமானம் கிடைத்து அவர் வந்து சேர ஒன்றரை நாளாகும். பெரியவர்கள் செய்தது சரிதான், யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. மச்சியும் சொல்லவில்லை. பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீருமாக வந்து இறங்கியவர், தம்பியின் காலி நாற்காலியைப் பார்த்து, "அல்லாவோட நாட்டம்" என்று மட்டும் சொன்னார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நான் இத்தாவில் உட்கார்ந்தேன். கணவரை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்க வேண்டும். வாசல் கேட்டுக்கு உள்ளே நானும் அவருடைய மீன்களும்தான். அவர் இருந்தவரை அந்தக் குளத்தை நான் ஏறிட்டும் பார்த்ததில்லை. இப்போது பார்க்க வேறு எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா அன்று, ஓதி முடித்த பிறகு, உறவுக்காரர் ஒருவர் சொன்னார்: "வாயில்லா ஜீவனுக்குக் குடுக்குறது பெரிய சதக்கா. மௌத்தானவங்களுக்கு அந்த நன்மை போய்ச் சேரும்." நல்ல எண்ணத்தில் சொன்ன பேச்சு. மச்சி உடனே எழுந்தார். தால்சாவோடு சாப்பிட வைத்திருந்த ரொட்டியில் பாதியை எடுத்துக்கொண்டு குளத்தடிக்குப் போனார். ஒவ்வொரு துண்டாகப் பிய்த்துப் போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும், "யா அல்லாஹ், இத என் தம்பிக்கு எத்தி வை" என்றார். மீன்கள் தண்ணீர் தெறிக்க முட்டி மோதின. அன்றுதான் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன்.

பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. தேக்காவில் இருக்கிற தன் அடுக்குமாடி வீட்டிலிருந்து காலையில் பஸ் பிடித்து வருவார். கையில் ஒரு முழு ரொட்டி. துக்கம் கேட்க வருகிறவர்களும் அவரைப் பார்த்து ஆளுக்கொரு பிடி எடுத்துப் போட்டார்கள். கபர்ஸ்தானுக்குப் போய் உட்கார முடியாத பெண்களுக்கெல்லாம் எங்கள் வீட்டுக் குளம் அந்த இடமாகிவிட்டது. நான் தடுக்கவில்லை. ஏன் தடுக்க வேண்டும்? எனக்கே அதைப் பார்க்க ஆறுதலாகத்தான் இருந்தது.

சில வாரத்தில் மீன்கள் மாறிப்போயின. முன்பு போல நீந்தவில்லை. அருவி மாதிரி தண்ணீர் விழுகிற மூலையில் கூட்டமாகக் கூடி, தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்து திறந்து மூடின.

"தம்பியத் தேடுதுங்க" என்றார் மச்சி.

வந்தவர்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். எஜமான் போன ஏக்கம், பாவம், தீனி கூட எடுக்கமாட்டேன் என்கிறதுகள் என்று இன்னும் இரண்டு பிடி கூடுதலாகப் போட்டார்கள். ஒரு கறுப்பு மீன் செத்து மிதந்தது. மச்சி அதைப் பார்த்து, "கொடுத்து வச்சது. அவன்கிட்ட போயிடுச்சு" என்றார். அடுத்த வாரம் ஒரு மஞ்சள் மீன்.

மஞ்சள் மீனை வலையில் அள்ளியபோது அதன் செதிலெல்லாம் சிவந்து, துடுப்பில் ரத்தக் கோடு ஓடியிருந்தது. ஏக்கத்தில் செத்த உடம்பில் இப்படிப் புண் வராது. என் மூளை அதுவரை வேலை செய்யவில்லை. உயர்நிலைப் பள்ளியில் காலமெல்லாம் வேதியியல் சொல்லிக் கொடுத்தவள் நான்.

செருப்பு அலமாரியில் அவர் தண்ணீர் பரிசோதிக்க வைத்திருந்த குப்பிகளைத் தேடி எடுத்தேன். கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரை மொண்டு, மருந்துத் துளிகளை விட்டுக் குலுக்கினேன். மஞ்சளாக இருந்தால் நல்லது. எனக்கு வந்தது பாசி போன்ற கரும்பச்சை. அம்மோனியா. ஃபில்டரின் மூடியைத் திறந்தேன். உள்ளே ரொட்டி கூழாகி, அழுகி, நாறிக்கொண்டிருந்தது. தின்றது போக மிச்சமெல்லாம் அங்கேதான் போயிருக்கிறது. தின்றதும் கழிவாகி அங்கேதான் போயிருக்கிறது. மீன்கள் தம்பியைத் தேடவில்லை. மூச்சு முட்டி நின்றன.

நான் அந்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீரை மாற்றலாம், தீனியை நிறுத்தலாம், அது பெரிய காரியமில்லை. மச்சியிடம் யார் சொல்வது? தம்பிக்கு என்று நியத்து வைத்து ஒரு பெண் தினமும் போட்டது அவன் வளர்த்த மீன்களையே கொல்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

சாதியா வேலை முடிந்து செங்காங்கில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஜஸ்ட் சொல்லிடுங்க லா, உம்மா. அவங்க என்ன வேணும்னா செஞ்சாங்க? இட்ஸ் ஓன்லி ஃபிஷ்."

"உனக்கு ஃபிஷ். அவங்களுக்கு அது வாப்பாவோட கபுரு."

அவள் கடைக்குப் போய் குளோரினை முறிக்கும் மருந்தும் கல்லுப்பும் வாங்கி வந்தாள்.

நான் கோழைத்தனமாக ஒரு வழி செய்தேன். குளத்தின்மேல் வலையைப் போட்டு மூடி, பூனை வருகிறது என்று மச்சியிடம் சொன்னேன். அவர் வலையின் ஓட்டை வழியாக ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டார்.

மிச்சமிருந்ததில் பெரியது, செவப்புத் தொப்பி. உடம்பு முழுக்க வெள்ளை, தலையில் மட்டும் ஒரு சிவப்பு வட்டம். விரல் நீளத்தில் என் கணவர் வாங்கி வந்து முழங்கை நீளத்துக்கு வளர்த்தார். அவர் கையைத் தண்ணீரில் விட்டால் வந்து விரலைச் சப்பும். அந்த மீன் ஒரு நாள் காலை ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தது. மச்சி வலையை ஒதுக்கிவிட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து, சாகக் கிடக்கிறவர்களுக்கு ஓதும் யாசீனை ஓதிக்கொண்டே ரொட்டியை நனைத்து அதன் வாய்க்குள் ஊட்டப் பார்த்தார்.

நான் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே பிடித்துவிட்டேன்.

"போடாதீங்க மச்சி! இந்த ரொட்டிதான் கொல்லுது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சொல்ல ஆரம்பித்ததை நிறுத்த முடியவில்லை. தண்ணீர் கெட்டது, ஃபில்டர் அடைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் போட்டதாலயா?"

"எல்லாரும் போட்டதுதான் மச்சி."

"தெனம் போட்டது நான்தானே."

மிச்ச ரொட்டியைப் பையில் வைத்துச் சுருட்டினார். சலாம் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். நான் "மச்சி, மச்சி" என்று வாசல் கேட்டுவரை ஓடி, அங்கேயே நின்றேன். அதற்கு மேல் என் கால் போகக் கூடாது. தெருமுனையில் பஸ் நிறுத்தத்தில் அவர் முதுகு தெரிந்தது. பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும்வரை கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செவப்புத் தொப்பியைப் பெரிய நீலத் தொட்டிக்கு மாற்றி, உப்புப் போட்டு, காற்றுக் குழாயை விட்டேன். தினமும் குளத்துத் தண்ணீரில் ஒரு பங்கை இறைத்துக் கொட்டிவிட்டு, மருந்து கலந்த புதுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினேன். தீனி ஒரு மணி கூட இல்லை. மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு வரும். "இப்ப நோன்பு, சும்மா போங்க" என்று விரட்டுவேன். பரிசோதனைக் குழாயில் பச்சை மெல்ல மெல்ல வெளுத்தது. என் முட்டி வீங்கியது.

மச்சி போனை எடுக்கவில்லை. சாதியாவை தேக்காவுக்கு அனுப்பினேன். இரும்புக் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றபடியே பேசினாராம்: "நான் வந்தா உன் வாப்பாவோட மீனு செத்துடும். போம்மா."

ஒரு மத்தியானம் செவப்புத் தொப்பி போய்விட்டது. தொட்டியின் அடியில் கிடந்தது. நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? அவர் விரலைச் சப்பிய வாய் அது. சாதியா காகிதப்பூச் செடியடியில் குழி தோண்டினாள். மற்ற இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. நான் மீனைத் தூக்கிக் குழிக்குள் வைக்கப் போய், அப்படியே நிறுத்திவிட்டேன்.

"மூடாத. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

மீனை வெள்ளைத் துணியில் சுற்றி, பையில் போட்டு, குளிர்பெட்டியின் மேல்தட்டில் வைத்தேன்.

"உம்மா! இக்கான் பிலிஸ் பக்கத்துலயா? ஆர் யூ ஓகே?"

"அந்த நெத்திலிய எடுத்து வெளிய போடு."

மச்சிக்குப் போனில் குரல் செய்தி அனுப்பினேன். பொய் சொல்லவில்லை, பூசி மெழுகவும் இல்லை. "மச்சி, செவப்புத் தொப்பி போயிடுச்சு. மண்ணு போடல. நீங்க வர்ற வரைக்கும் வச்சிருக்கேன்."

எப்போதும் பஸ்ஸில் வருகிறவர் அன்று டாக்சியில் வந்து இறங்கினார். முக்காட்டைக் கூடச் சரியாகப் போட்டிருக்கவில்லை. நான் துணியை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். அவரே பிரித்தார். சிவப்பு வட்டம் மங்கவில்லை. கண் திறந்தே இருந்தது.

"முகம் அப்படியே இருக்கு" என்றார்.

பிறகுதான் அழுகை வந்தது. மக்காவிலிருந்து வந்த நாள் முதல் எங்கே வைத்திருந்தாரோ, அவ்வளவும் வந்தது. "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டார். அவர் மீனைக் கூப்பிடவில்லை என்பது எனக்கும் சாதியாவுக்கும் தெரியும். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை.

அவரே குழிக்குள் வைத்தார். மூன்று பிடி மண் போட்டார். கையில் ஒட்டிய மண்ணை உதறாமலே என் பக்கம் திரும்பினார்.

"ருக்கையா, நான் போட்டதெல்லாம் அவனுக்குச் சேந்திருக்குமா?"

"நீங்க என்ன நெனச்சுப் போட்டீங்கன்னு அல்லாஹ்வுக்குத் தெரியும் மச்சி. எனக்குத் தெரிஞ்சது தண்ணிதான். இன்னும் கொஞ்ச நாளைக்குத் தெனம் மாத்தணும். என் முட்டி வாளியத் தூக்க மாட்டேங்குது."

மறுநாள் காலையில் வெறுங்கையோடு வந்தார். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நான் மருந்து கலந்து கொடுத்த வாளியைத் தூக்கினார். ஊற்றுவதற்கு முன் உதடு அசைந்தது. "யா அல்லாஹ், இத என் தம்பிக்கு எத்தி வை." தண்ணீர் விழுந்த இடத்துக்கு மிச்ச மீன்களெல்லாம் அடித்துப் பிடித்து வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மச்சி குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவற்றுக்குக் காட்டினார்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றார். பிறகு அடுத்த வாளிக்கு என்னிடம் கையை நீட்டினார்.