நாலாவது பரிசோதனை

"மறுபடியும் நீங்களா?" என்று ரத்தம் எடுக்கும் பெண் கேட்டபோது என் கணவர் சிரிக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, ஊசி புதுசுதானா என்று விசாரித்தார். அவள் உறையை அவர் கண்முன்னாலேயே கிழித்துக் காட்டினாள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நாங்கள் வந்தது அது நாலாவது தடவை.

அவர் பஸ் கண்டக்டர். மூன்று மாதத்துக்கு முன்பு, மூக்கில் ரத்தம் வழிய ஒரு பயணி ஏறியிருக்கிறான். அவன் இறங்கிப் போய் வெகுநேரம் கழித்து, கம்பியில் காய்ந்து கிடந்த கறைமேல் இவர் கை பட்டுவிட்டது. விரலில் ஏதோ பழைய கீறல். ஆள் ஒல்லியாக இருந்தான், எய்ட்ஸாக இருக்கும் என்று பின் சீட்டில் யாரோ சொல்லிவைக்க, அவ்வளவுதான். அந்தப் பயணியின் முகம்கூட இவருக்கு ஞாபகமில்லை. காய்ந்த கறையைத் தொட்டால் வராது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். மூன்று முறை சோதித்தும் ஒன்றுமில்லை. மனுஷன் கூடத்தில் தனியாகப் படுக்கிறார். நாலு வயது மகள் ஓடிவந்தால், யாரோ துப்பாக்கி காட்டியதுபோல இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொள்கிறார். இப்போதெல்லாம் அவள் அவரிடம் ஓடுவதே இல்லை. கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், வாய் வலித்ததுதான் மிச்சம்.

வெளியே பெஞ்சில் ஒருவர் மருந்துப் பையோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பையை மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார். இவர் உட்காரவில்லை. சுவரோரம் போய், சுவரிலும் சாயாமல் நின்றார். எனக்கு மானம் போயிற்று. அந்த மனிதரை ஒட்டினாற்போல் உட்கார்ந்தேன். டாக்டர் கூப்பிட்டு இவர் உள்ளே போன பிறகு, "அவருக்கா?" என்று பெஞ்சில் இருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"அவருக்கு ஒண்ணுமே இல்லைங்க. அதுதான் வியாதி."

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தனக்கு ஒன்பது வருஷமாக இருக்கிறது என்றார், வயதைச் சொல்வதுபோல. வீட்டில் வேறு யாருக்கும் இல்லையாம். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தவர், என் பக்கம் நீட்டி, சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டு வாங்கிக் குடித்தேன். தாகமெல்லாம் இல்லை.

நிமிர்ந்தால், முடிவுத்தாளோடு இவர் நிற்கிறார். இந்தத் தடவையும் ஒன்றுமில்லை, இனிச் சோதனையே தேவையில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். இவர் தாளைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். தெருமுனை வந்த பிறகுதான், ஏன் அப்படிப் பண்ணினே என்று கேட்டார். கையில் இருப்பதைப் படியுங்கள் என்றேன்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த என் தங்கை கதவைத் திறந்தாள். அவளை இடித்துக்கொண்டு மகள் என்னை நோக்கி ஓடிவந்தாள். இவர் குறுக்கே பாய்ந்து அவளை வாரி எடுத்தார்.

"அம்மாகிட்ட இப்ப போகாதம்மா. அம்மா குளிச்சிட்டு வரட்டும்."

அவளுக்கு என்ன புரியும். அப்பா தூக்கிவிட்டார். கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவருடைய முள்தாடியில் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சிரித்தாள். அவர் கண்ணை மூடி அவளை இறுக்கிக்கொண்டார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.