ஓரெழுத்து ஆட்சேபணை

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துக் கூட்ட அறையில் அன்று ஒரு நாற்காலிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு நாற்காலி தேடித்தான் இந்த ஊருக்குப் பழக்கம். நாற்காலிக்கு ஆள் தேடியது அதுவே முதல் தடவை.

காரணம் ஆண்டாள். சோரியாங்குப்பத்துக்காரி, நாற்பத்தாறு வயது. ஏரி மண்ணை அள்ளிப் போன லாரியை மறித்ததற்காக நாற்பது நாள் சிறையில் இருந்தாள். அப்புறம் அந்த வழக்கு நிற்கவில்லை, விடுதலையாகிவிட்டாள். ஆனால் உள்ளே போகும்போது கேட்ட இடது காது வெளியே வரும்போது கேட்கவில்லை. வார்டர் செல்வகுமாரி அறைந்தாள் என்று வழக்குப் போட்டாள் ஆண்டாள். குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்றது சிறைப் பதிவேடு. எது நிஜம் என்று விசாரித்துச் சொல்ல, பொதுமக்களில் மூன்று பேரைக் குழுவாகப் போடச் சொன்னது நீதிமன்றம். காரணம் காட்டினால் இரண்டு தரப்பும் ஆளை மறுக்கலாம். குழு சிறைப் பக்கம் சாய்ந்துவிட்டால், ஆண்டாள் ஆயுசுக்கும் வழுக்கி விழுந்தவள்தான்.

முதல் நாளே மளிகைக்கடை கலீலுல்லாவும் தையல்கடை ரூபினாவும் தேர்வாகிவிட்டார்கள். மிச்சமிருந்த இடத்துக்குப் பலராமன் வந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். பதினோரு சங்கங்களுக்குத் தலைவர். அதில் நான்கில் அவரைத் தவிர வேறு உறுப்பினர் கிடையாது. தோளில் பொன்னாடை. யாராவது போர்த்த மறந்துவிட்டால் என்ன செய்வது என்று வீட்டிலிருந்தே போர்த்திக்கொண்டு வந்திருந்தார்.

"தராசு முள் சாயலாம். இந்தப் பலராமன் சாய மாட்டான்" என்று எழுந்து நின்று அறிவித்தார். செல்வகுமாரி பக்கம் திரும்பி, "வணக்கம் மேடம். நீங்க கவலையே படாதீங்க, எல்லாம் நியாயமா நடக்கும்" என்றார். ஆண்டாள் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீயும் பயப்படாத. உண்மையைச் சொல்லிடு, இன்னா?" என்றார்.

ஆண்டாள் எழுந்தாள். "இவரு வேணாங்க."

நீதிமன்ற ஆணையராக வந்திருந்த வக்கீல் அரிகரன் பேனாவைத் திறந்தார். "காரணம்?"

"நீ."

அரிகரன் பதறிவிட்டார். "நானா? நான் இன்னாம்மா செஞ்சேன்?"

"உங்களை இல்லீங்க. அவரு பேசினதைச் சொல்றேன். அந்தம்மா 'நீங்க', நான் 'நீ'. அதை எழுதிக்குங்க."

சிறைத் தரப்பு வக்கீல் நாகராஜன் சிரித்தார். "ஒத்த எழுத்துக்கு ஒரு ஆட்சேபணையா?"

"அவங்களுக்கு இன்னும் ரெண்டு எழுத்து சேர்த்துப் போட்டாரே, எனக்குப் போட இன்னா கஷ்டம்?"

பலராமனுக்குள்ளிருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். "முன்னிலை ஒருமை என்பது இழிவல்ல அம்மா. கடவுளையே நாம் 'நீ' என்றுதானே கூப்பிடுகிறோம்?"

"அப்ப மேடத்தையும் கொஞ்ச நேரம் கடவுளாக்குங்க சார்."

"அட, அது பாசத்துல வர்றது. நீ என் பொண்ணு மாதிரி."

"எனக்கு நாப்பத்தாறு. மேடத்துக்கு முப்பதுகூட இருக்காது. அவங்க மேல பாசம் வரலியா?"

ரூபினா துப்பட்டா முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சட்டத்துல இப்படி ஒரு காரணமே இல்லம்மா" என்றார் அரிகரன்.

"உள்ள இருந்த நாப்பது நாளும் 'நீ'யிலதாங்க ஆரம்பிக்கும். அடுத்தது 'அடியே'. அதுக்கடுத்தது அறை. அந்த வரிசை எனக்கு மனப்பாடம். சட்டத்துல இல்லன்னா இன்னிக்கு எழுதுங்க, நாளையிலேருந்து இருக்கட்டும். எழுதாம அடுத்த ஆளைக் கூப்பிட வுடமாட்டேன்."

அரிகரன் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார். பலராமன் பொன்னாடையைத் தாமே மடித்துக்கொண்டு வெளியேறினார்.

அடுத்து வந்தவள் கனகாம்பாள். ஒரு காணி நெல்லு, அரைக் காணி கரும்பு. கால் சேறுகூடக் காயவில்லை.

"இன்னாப்பா, நடவை வுட்டுட்டு வந்திருக்கேன், கேக்கறதைச் சீக்கிரம் கேளு" என்றாள் ஆணையரிடம். செல்வகுமாரியைப் பார்த்து, "அடிச்சதாச் சொல்றாங்களே, அது நீதானாடி?" என்றாள். ஆண்டாளைப் பார்த்து, "வாங்கினவ நீயா? இன்னாத்துக்குடி என்னை அப்படி மொறைக்கிற?" என்றாள்.

நாகராஜன் துள்ளி எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன். இந்தம்மாவுக்கு மரியாதையே தெரியல."

"யாருக்கு மரியாதை குடுக்கல?" என்று கேட்டார் அரிகரன்.

"ஒருத்தருக்குமே குடுக்கல!" சொன்ன பிறகுதான் நாகராஜனுக்கு உறைத்தது.

"எனக்கு இவங்கதான் வேணும்" என்றாள் ஆண்டாள்.

"உன்னை ஒண்ணும் கேக்காம வுட்டுட்டேன்னு கோவமாடா தம்பி?" என்று நாகராஜனை விசாரித்தாள் கனகாம்பாள்.

ஆட்சேபணை தள்ளுபடியானது. "மேல்முறையீடு போவோம். விசாரணையை அடுத்த மாசம் வெச்சுக்கலாம்" என்று கோப்பை மூடினார் நாகராஜன்.

"தாராளமாப் போங்க, அங்கியும் வர்றேன்" என்றாள் ஆண்டாள். "ஆனா மூணு பேரும் இங்க இருக்காங்க, அந்தம்மாவும் இருக்காங்க. இப்பவே ஆரம்பிங்க."

"ஆமாப்பா, என்னால தெனமும் வர முடியாது" என்றாள் கனகாம்பாள். கலீலுல்லாவும் தலையாட்டினார். அரிகரனுக்குத் தள்ளிப்போடக் காரணம் அகப்படவில்லை. செல்வகுமாரியை முன்னால் அழைத்தார்.

"அன்னிக்கு இன்னா நடந்துச்சுடி? மொத வார்த்தையிலேருந்து சொல்லு" என்றாள் கனகாம்பாள்.

செல்வகுமாரி தொண்டையைச் செருமினாள். "அவ வந்து..." அறை முழுக்கத் தன்னையே பார்ப்பது தெரிந்து நிறுத்தினாள். "அவங்க வந்து..."

"மாத்தாதீங்க மேடம்" என்றாள் ஆண்டாள். "அன்னிக்கு எப்படிக் கூப்பிட்டீங்களோ, அப்படியே சொல்லுங்க. சார் எழுதிக்குவாரு."